மீன் ஏன் விறைத்தது?

பூம்புகாருக்குப் போகிறவர்கள் பார்க்கப் போவது அங்கே இல்லாத ஒரு நகரத்தை. கலைக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காவிரி மெலிந்து போய்க் கடலில் சேருகிற இடத்தில் நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களானால் கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறையைப் பற்றியும், படகு கட்டுவதற்காக நட்ட மரக் கம்பங்களைப் பற்றியும் பேசுவார்கள். நானும் அந்தப் படகுத்துறைக்காகத்தான் போனேன். திரும்பி வந்ததோ ஒரு மீனைப் பற்றிய யோசனையுடன்.

கூட வந்த நண்பர் ஓய்வு பெற்ற ரசாயன ஆசிரியர். கரிகாலனிடம் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. "கடல் கொண்டது கொண்டதுதான், இனிமேல் அது கொடுக்கிறதைப் பார்ப்போம்" என்று கரையோரமாக இறங்கி நடந்தார். ஒரு பைபர் படகு அப்போதுதான் ஒதுங்கியிருந்தது. ஓர் அம்மாள் கூடையில் மீனை வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். நண்பர் ஒரு பாறை மீனை எடுத்து முதுகிலே கட்டைவிரலால் அழுத்தினார். அது துவண்டது.

"என்னம்மா, இது தொளதொளன்னு இருக்கே? நேற்றைய சரக்கா?"

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள்.

"இப்பத்தான் சார் உசிரு போச்சு. செவுளத் தூக்கிப் பாருங்க, ரத்தமா இருக்கும். செத்த உடனே துவளத்தான் செய்யும். நீங்க ஊரு போய்ச் சேருறதுக்குள்ள கட்டை மாதிரி ஆயிடும். நாளைக்கு மறுபடியும் துவண்டா, அது நேத்து மீனு."

நண்பர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். ஆசிரியராயிருந்தவர் இன்னொருவரிடம் பாடம் கேட்டுக்கொண்டால் முகத்தில் ஒரு தனி மரியாதை வரும். அது வந்தது.

துவள்கிறது, விறைக்கிறது, மறுபடி துவள்கிறது. இந்த மூன்றும் மீனுக்கு மட்டுமல்ல, ஆட்டுக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. இறந்தவர் வீட்டிலே கை கால்களை நேராக நீட்டிக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிற பெரியவர்கள், "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுவார்களே, அதற்குக் காரணம் இதுதான். உயிர் போனால் உடம்பு தளரும் என்றுதான் எதிர்பார்ப்போம். விறைப்பானேன்? இழுத்துப் பிடிப்பதற்கல்லவா பலம் வேண்டும்? பலமெல்லாம் போன பிறகு தசை எதைக் கொண்டு இறுகுகிறது?

"இந்தக் கேள்விக்குப் பதிலின் முதல் பாதியைக் கண்டுபிடித்தது ஹார்வர்டில். கண்டுபிடித்தவர்களில் ஒருவர் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்தவர், தெரியுமா?" என்றார் நண்பர், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்.

எனக்குத் தெரியாது. பெயரைக் கேட்ட பிறகும் தெரியவில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ். வெட்கப்பட்டுக்கொண்டு பிறகு தேடிப் படித்தேன்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் தேதி, அந்நாளையச் சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரைச் சீமையைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். அதுவும் நம் தஞ்சாவூரைப் போல ஆற்று வண்டலும் நெல்லுமாகச் செழித்த பூமிதான். செழிப்பு எல்லா வீட்டுக்குள்ளும் வருவதில்லை. பதின்மூன்று வயதில் பையன் வீட்டை விட்டு ஓடினான். சந்நியாசியாகப் போகவில்லை, காசியில் யாத்திரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று போனான்! பாதியிலேயே பிடித்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்த்திவிட்டார்கள். மெட்ரிகுலேஷன் தேறுவதற்கு மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை எழுதியது சென்னையில். பின்னால் நிஜமாகவே சந்நியாசியாகப் போக ஆசை வந்து ராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயாரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அந்த அம்மாள் தரவில்லை. விஞ்ஞானம் அந்தத் தாய்க்குத் தனியாகக் கடன்பட்டிருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி சொன்னபடி அறுவைச் சிகிச்சை வகுப்புக்கும் கதரிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். சர்க்கார் மருத்துவ உத்தியோகத்துக்கு வழி இல்லை. இதற்கிடையே வீட்டில் பேரிடி. சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்புரூ என்ற குடல் வியாதி. தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் கழிந்துகொண்டே போய் ஆளை உருக்குகிற நோய். சுப்பாராவுக்கும் அது வந்தது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத மருந்தில் பிழைத்தார். பிறகு அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பித்தார். ஆயினும் மனம் அமெரிக்காவில்.

மாமனார் கை கொடுத்தார். கர்ப்பிணியான மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறி, 1922 அக்டோபர் 26-ஆம் தேதி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஊரில் பிறந்த பிள்ளை ஒரு வயது நிறையுமுன்னே போய்விட்டது. தகப்பனார் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் இந்தியாவுக்குத் திரும்பவேயில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்கு வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தக் காரணங்கள் போதவில்லை. சேஷகிரி என்ற அந்த மனைவி காத்திருந்த வருஷங்களை நாவலாக எழுதப் போனால் பேனா நகராது.

பாஸ்டனில் அவர் செய்தது ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் படுக்கைச் சட்டிகளைக் கழுவுகிற வேலையும் அதில் அடக்கம். பகலில் படிப்பு. உஷ்ணப் பிரதேச வைத்தியத்தில் டிப்ளமா வாங்கிக்கொண்டு, ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிர் ரசாயனப் பகுதியில் ஸைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார்.

இப்போது நீலச் சாயத்தின் கதைக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ரத்தத்திலும் தசையிலும் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு அந்நாளில் இருந்த முறைகள் திருப்தியாக இல்லை. ஃபிஸ்க்கும் சுப்பாராவும் ஒரு முறை கண்டார்கள். திரவத்தில் மாலிப்டினம் உப்பையும் அமிலத்தையும் சேர்த்து, இன்னொரு ரசாயனத்தைச் சில துளி விட்டால் நீலம் பிறக்கும். பாஸ்பேட் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, நீலம் அவ்வளவுக்கு அவ்வளவு அடர்த்தி. அளவு தெரிந்த ஒரு நீலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். சலவைக்கு நீலம் போடுகிற வீட்டுக்காரி தண்ணீரைப் பார்த்தே போதும் போதாது என்று சொல்லவில்லையா, அந்த மாதிரி. 1925-ல் இதை வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அந்த நீலத்தைக் கலக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு பாதி தெலுங்குப் பெயர் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ!

ரத்தத்தில் நீலம் ஒழுங்காக வந்தது. தசைச் சாற்றில் மட்டும் அது சண்டித்தனம் செய்தது. முதலில் மங்கலாகத் தோன்றி, நேரம் ஆக ஆக மெல்ல மெல்ல அடர்ந்தது. வேறு யாராயிருந்தாலும் 'சரக்கு சுத்தமில்லை' என்று கொட்டியிருப்பார்கள். இவர்கள் யோசித்தார்கள். பாஸ்பேட் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே வருகிறது என்றால், எதிலோ கட்டுண்டு கிடந்தது அவிழ்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த 'எதையோ' பிடித்துவிட்டார்கள். கிரியேட்டின் என்ற பொருளோடு பாஸ்பேட் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின். தசை உழைத்துக் களைத்தால் இது குறைகிறது. ஓய்ந்திருந்தால் மறுபடி நிரம்புகிறது. 1927-ல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்ட்டன் தம்பதிகளும் தனியாக இதன் தடத்தைக் கண்டிருந்தார்கள்.

இதன் முக்கியத்துவம் புரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். சுப்பாராவ் பாஸ்டனில் இறங்கிய அதே 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு, தசையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மையர்ஹாஃப் என்ற இருவருக்குப் போயிற்று. தசை சுருங்குவதற்குக் காரணம் அதில் பிறக்கும் லாக்டிக் அமிலமே என்பது அன்றைய சித்தாந்தம். தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். இப்போது பாஸ்பேட் குறுக்கே வந்து நின்றது. 1930-ல் டென்மார்க்கில் லுண்ட்ஸ்கார்ட் என்பவர், லாக்டிக் அமிலம் பிறக்கவே முடியாதபடி தசைக்கு ஒரு விஷத்தைக் கொடுத்துப் பார்த்தார். தசை அப்போதும் சுருங்கியது! பாஸ்போகிரியேட்டின் தீர்ந்த பிறகுதான் நின்றது. ஹில்லே பழைய சித்தாந்தம் கவிழ்ந்துவிட்டது என்று எழுதினார். பரிசு வாங்கிய கொள்கையைத் தானே கவிழ்ந்தது என்று சொல்கிறவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்குள் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அந்தத் தசைச் சாற்றிலிருந்தே இன்னொன்றையும் பிரித்திருந்தார்கள். அடினோஸின் என்ற பொருளின் வாலில் மூன்று பாஸ்பேட் கோத்தது. அடினோஸின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. இருவரின் அறிவிப்பு 1929 அக்டோபரில் வந்தது. ஜெர்மனியில் மையர்ஹாஃபின் ஆய்வுக்கூடத்திலிருந்த கார்ல் லோமன் அதைத் தனியாகவே கண்டு, அதே ஆண்டில் இரண்டு மாதம் முந்தி அச்சேற்றிவிட்டார். பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் லோமன் பெயர்தான் இருக்கிறது. அச்சுத் தேதிப்படி அது நியாயமே. கூட இன்னும் இரண்டு பெயர் சேர்த்தால் புத்தகம் கிழிந்துவிடாது.

இந்த ஏ.டி.பி. என்ன செய்கிறது? மிராசுதார் வீட்டுக் குதிரில் நெல் நிறைய இருக்கும். பஸ் கண்டக்டரிடம் ஒரு மரக்கால் நெல்லை நீட்ட முடியுமா? சில்லறை வேண்டும். நாம் தின்கிற சோறும் எண்ணெயும் குதிர் நெல். ஏ.டி.பி. சில்லறை. உடம்பின் எந்த அணுவறையில் என்ன வேலை நடந்தாலும் இந்தச் சில்லறையைத்தான் நீட்ட வேண்டும். வாலில் கடைசி பாஸ்பேட் அறுந்து தண்ணீரோடு சேரும்போது சக்தி வெளிப்படுகிறது. மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் உள்ள ஏ.டி.பி.யின் தம்பி. அதைப் பிடித்து மறுபடி மூன்றாவதை ஒட்டி அனுப்பிவிடுகிறது உடம்பு. பாஸ்போகிரியேட்டின்? அது பக்கத்து வீட்டுக் கைமாற்று. குதிரைத் திறந்து நெல்லை விற்றுக் காசாக்குவதற்குள் அவசரத்துக்கு உதவும். ஒரு மனித உடம்பில் எந்த நேரத்திலும் கையிருப்பில் உள்ள ஏ.டி.பி. கிராம் கணக்கில்தான், கிலோ கணக்கில் இல்லை. ஒரு நாளில் உடைந்து உடைந்து மறுபடி கட்டப்படுவதைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடம்பின் எடைக்கே வந்துவிடும். சேமித்து வைக்கிற சமாசாரமே இல்லை, ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும்.

உடைப்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. ஏ.டி.பி.யை வெறும் தண்ணீரில் கரைத்து வைத்தால் அது தானாகச் சட்டென்று உடைந்துவிடாது. அமிலம் ஊற்றிக் கொதிக்க வைத்து உடைக்கலாம். ஆனால் சக்தியெல்லாம் சூடாகப் போய்விடும், ஒரு துரும்பும் நகராது. உடைக்கிறவனே வேலையும் வாங்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவைதான் என்ஸைம்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் நொதி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்ல சொல்.

தசையில் ஏ.டி.பி.யை உடைக்கும் நொதியைத் தேடியவர்கள் ரஷ்யாவில் எங்கெல்ஹார்ட்டும் அவர் மனைவி லியூபிமோவாவும். எங்கோ ஒரு தனி நொதி ஒளிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1939-ல் அவர்கள் சொன்ன விடை, வீட்டுக்காரனே திருடன் என்று துப்பறியும் கதையில் வருகிற மாதிரி இருந்தது. தசையின் சதையே, மயோஸின் என்ற புரத நாரே, அந்த நொதி! இழுக்கிற கயிறும் அதுதான், சில்லறை உடைக்கிற கையும் அதுதான். பிறகு யுத்த காலத்தில் ஹங்கேரியில் ஸெகெட் நகரத்தில் ஸெண்ட்-ஜ்யோர்ஜி மயோஸினையும் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்து நூலாக்கி, அதில் ஏ.டி.பி.யை விட்டார். உயிரில்லாத நூல் கண்ணெதிரே சுருங்கிற்று. தம் வாழ்க்கையில் அதைப்போல் மனசைக் கிளறிய காட்சி வேறில்லை என்று அவர் பின்னால் சொன்னதாகப் படித்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்திலேயே 1943-ல் எர்டோஷ் என்பவர் செத்த தசையைப் பார்த்தார். ஏ.டி.பி. குறையக் குறைய விறைப்பு ஏறியது. நம் பூம்புகார் மீனுக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது.

மயோஸின் நாரின் நுனிகள் ஆக்டினைக் கொக்கி போல் பிடித்து இழுக்கின்றன. அடுத்த இழுப்புக்குக் கொக்கி முதலில் விட வேண்டும். அதை விடுவிப்பது புதிதாக வந்து ஒட்டுகிற ஓர் ஏ.டி.பி. அதை உடைத்த பிறகு கொக்கி மறுபடி பிடிக்கும். ஆக, பிடிப்பதைக் காட்டிலும் விடுவதற்குத்தான் அவசரமாகச் சில்லறை வேண்டியிருக்கிறது. மீன் செத்தவுடன் உடைக்கிற நொதிகள் நிற்பதில்லை. அவற்றுக்குச் சாவு தெரியாது. பிராணவாயு நின்றதால் கட்டுகிற வேலைதான் தட்டுக்கெட்டுப் போகிறது. கைமாற்று தீர்கிறது, சில்லறை தீர்கிறது. கொக்கிகள் பிடித்த பிடியில் அப்படியே நின்றுவிடுகின்றன. பலத்தினால் இறுகவில்லை அந்த மீன். விடுவதற்கு வழியின்றி இறுகிற்று. வலையில் நெடுநேரம் துடித்த மீன் சீக்கிரம் விறைக்கும் என்பதும் இதனால்தான். இருந்த சில்லறையைத் துடிப்பிலேயே செலவழித்துவிட்டது. பிறகு புரதத்தை அரிக்கிற வேறு நொதிகள் வந்து நாரையே தளர்த்தினால், அது நேற்றைய மீன்.

ருசியும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து வருகிற வழியில் ஐ.எம்.பி. என்று ஒன்று பிறக்கிறது. மீன் குழம்பின் ருசியில் அதற்குப் பெரும் பங்கு. அதுவும் உடைந்து கடைசிப் படிக்குப் போனால் கசப்பு தட்டுகிறது. 1959-ல் ஜப்பானியர் இந்தப் படிகளை அளந்து மீனின் புதுமைக்கு ஓர் எண்ணே ஏற்படுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொன்னதைத்தான் எண்ணால் சொல்கிறார்கள். மின்மினிகூட இந்தச் சில்லறையில்தான் வெளிச்சம் போடுகிறது. அமெரிக்காவில் மக்எல்ராய் என்பவர் சிறுவர்களுக்குக் காசு கொடுத்து மின்மினி பிடித்து வரச் சொல்லி, 1947-ல் அதைக் காட்டினார். நம் பக்கத்து வரப்பில் வந்து பிடித்திருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

சுப்பாராவ் என்ன ஆனார்? ஹார்வர்டில் 1930-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிலையான உத்தியோகம் கிடைக்கவில்லை. அங்கே அவர் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் வெளியே வரவிடவில்லை என்றும், வருஷங்கள் கழித்து வேறு பேர் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அதே பகுதியில் அந்நாளில் மாணவராயிருந்து பின்னால் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். ஃபிஸ்க் தரப்புக் கதை என் கையில் கிடைக்கவில்லை. 1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே எட்டே ஆண்டு. ஸ்புரூ போன்ற நோய்களுக்கு உதவிய ஃபோலிக் அமிலத்தை அவர் குழு செயற்கையாகச் செய்தது. சகோதரர்களுக்கு அது கால் நூற்றாண்டு பிந்திப் போயிற்று. அந்த அமிலத்தின் எதிரிப் பொருள்களைக் கொண்டுதான் ஸிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வைத்தியம் தொடங்கினார். ஆரியோமைஸின் அவருடைய மேற்பார்வையில் வந்தது.

ஹெட்ராஸான் என்ற மருந்தும் அங்கேதான் வந்தது. யானைக்கால் மருந்து. கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வேஷ்டியைக் கணுக்கால் மறையக் கட்டிக்கொண்டு, சதஸிலே எழுந்து நிற்கத் தயங்கிய எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! பின்னாளில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து, எதிரிலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்துப் போன மாத்திரை அந்த மருந்துதான். எங்கள் தெருவில் வாங்கி ஜன்னல் வழியே எறிந்தவர்கள் உண்டு. அது யார் கண்டது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, எறிந்தவருக்கும் தெரியாது.

1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே, ஐம்பத்து மூன்று வயதில் அவர் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. இந்தியா 1995-ல் நூற்றாண்டுக்கு ஒரு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக் காளானுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்றைக்கு பஸ்ஸில் நண்பர் பாதிதான் சொன்னார். மேலையூர் தாண்டியதும் தூங்கிவிட்டார். மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் இறங்கும்போது பையைத் தூக்கியவர், நின்று, உள்ளே கைவிட்டு, வாலைப் பிடித்து மீனைக் கிடையாக நீட்டினார். துவளவில்லை. ஸ்கேல் கட்டை மாதிரி நேராக நின்றது. சுற்றிலும் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"அந்த அம்மா பேரையாவது கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.